பகடையும் படைப்பாளியும்

திருக்குறளின் 94ஆம் அதிகாரத்திற்குச் சூது என்று பெயர். பொருளையும் பெருமையையும் ஒருங்கே இழக்கச் செய்யும் கவறாட்டத்தின் கேட்டினை எடுத்துரைத்த அந்தப் பத்துக் குறட்பாக்களின் நிழல், காலப்போக்கில் பகடை தொட்ட ஆட்டங்கள் அனைத்தின் மீதும் படிந்துவிட்டது. ஆடுவோரைப் பற்றி இலக்கியம் பேசியிருக்கிறது. ஆட்டத்தால் நாடிழந்தோரைப் பற்றி இதிகாசமே பேசியிருக்கிறது. ஆனால், ஆட்டத்தை ஆக்கியவர் யார், அவர் எத்தொழில் செய்து உண்டு வாழ்ந்தார், அவர் பெயர் எங்கே போயிற்று என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. பாட்டை ஆக்கியவரின் பெயரைக் கண்டறிய ஏடு ஏடாகத் தேடிய தமிழ்ச் சமுதாயம், ஆட்டத்தை ஆக்கியவரைத் தேடப் புறப்படவில்லை.

அருள்புரம் போன்ற ஓர் ஊரில் இவ்வினாவிற்குத் தனிப் பொருள் உண்டு. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூரின் பொழுது, பனியன் கம்பெனிகளின் ஷிப்ட் கணக்கில் விடிந்து ஷிப்ட் கணக்கில் முடிகிறது. ஓவர்லாக், பிளாட்லாக் எந்திரங்களின் முன் அமர்ந்திருப்போர் தைக்கும் ஆடை, கடல் கடந்து வேறொருவர் லேபிளைத் தாங்கி விற்பனையாகிறது. தைத்த கையின் பெயர் அந்த ஆடையில் எங்கும் இல்லை. பகலெல்லாம் பிறர் பெயருக்கு உழைத்துவிட்டு, இரவில் தம் பெயரில் நான்கு வரி எழுத அமரும் கவிஞர்கள் நிறைந்த வட்டாரம் இது. எனவே, ஆட்டம் படைத்துப் பிழைக்க முயன்றோரின் வரலாறு இம்மண்ணின் கவிஞர்களுக்கு அயலாரின் கதையாகத் தோன்றாது.

மண்ணில் கிடைத்த காய்கள்

வைகைக் கரையில் கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் தந்தத்தாலும் சுடுமண்ணாலும் ஆன பகடைகள் கிடைத்துள்ளன. வட்டச் சில்லுகளும் ஆட்டக் காய்களும் உடன் கிடைத்துள்ளன. தமிழகத்துக் கோயில்களின் கல்தளங்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்களை இன்றும் காணலாம். பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகியவை வீட்டுத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தவை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்குப் பரமபத சோபானப் படத்தை விரிப்பது வழக்கம். ஏணியில் ஏறுதல் அறத்தின் பயனாகவும், பாம்பின் வாயில் வீழ்தல் தீவினையின் பயனாகவும் அப்படத்தில் உணர்த்தப்பட்டன. ஒரு முழுத் தத்துவத்தை ஒரு துணியில் அடக்கிக் காட்டிய அந்தக் கற்பனை, சித்திரக்கவி பாடிய புலவரின் கற்பனைக்குச் சற்றும் குறைந்ததன்று. நாகபந்தத்தையும் சுழிகுளத்தையும் பாடினோர் பெயர்கள் நூல்களில் நின்றன. பரமபதத்தை வரைந்தவர் பெயர் நிற்கவில்லை.

அரண்மனையில் ஓர் ஆட்டப் படைப்பாளி

தென்னாட்டில் பெயர் தெரிந்த ஆட்டப் படைப்பாளிகளில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868). திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டில் கொங்கு நாடு மைசூரின் பிடியிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதே ஆண்டில் ஐந்து வயதுச் சிறுவரான கிருஷ்ணராஜர் மைசூர் அரியணையில் அமர்த்தப்பட்டார். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பையும் பறித்துக்கொண்டனர். நாடாளும் வேலையை இழந்த மன்னர், கலைகளிலும் ஆட்டங்களிலும் மனத்தைச் செலுத்தினார். அவரது ஆதரவில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூல் ஒன்பது பகுதிகளை உடையது. அவற்றுள் ஒன்பதாவதான கௌதுகநிதி ஆட்டங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. சதுரங்கத்தின் குதிரைக் காய் அறுபத்துநான்கு கட்டங்களையும் ஒருமுறைக்கு மேல் மிதியாமல் சுற்றிவரும் கணக்கிலும் அவர் தேர்ந்தவராக விளங்கினார்.

அவருக்கு ஆட்டம் படைப்பது பிழைப்பாக இருக்கவில்லை. ஆயினும், ஆட்டத்தைப் படைத்தவர் இன்னார் என்று எழுதி வைக்கப்பட்டதால் அவர் பெயர் நிலைத்தது. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் என்னும் அமைப்பு பிற்காலத்தில் அந்த ஆட்டங்களை மீட்டுக் கண்காட்சிகளாக வைத்தபோது, அதற்குத் துணைநின்றது அந்த எழுத்துச் சான்றே ஆகும்.

பெயரும் பொருளும் இழந்தோர்

உரியவர் இன்னார் என்று எழுதப்படாதவற்றின் கதி வேறாயிற்று. பச்சீசி என்னும் இந்திய ஆட்டத்தின் வழிவந்த பார்ச்சீசி, 1874இல் அமெரிக்காவில் வணிகப் பெயராகப் பதியப்பட்டது. அதே ஆட்டத்தின் எளிய வடிவமான லூடோ 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. பரமபதமும் 1890களில் இங்கிலாந்தில் அச்சேறி, தத்துவம் உதிர்ந்து, குழந்தைகளின் பாம்பும் ஏணியுமாக மாறிற்று. இந்நாட்டவர் எவருக்கும் அதனால் ஒரு காசும் வரவில்லை. ஊர்ப்பொதுவாக இருந்த ஒன்றைப் பெயர் பதிந்தவர் தமதாக்கிக்கொண்டார்.

இஃது அயலார் நமக்குச் செய்த கொடுமை மட்டும் என்று கொள்வதற்கில்லை. அமெரிக்காவில் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்த எலிசபெத் மேகி என்னும் பெண்மணி, நிலவுடைமையாளர் வாடகையால் கொழுப்பதைக் கண்டிக்கும் நோக்குடன் ஓர் ஆட்டத்தைப் படைத்து 1904இல் காப்புரிமையும் பெற்றார். அதிலிருந்து கிளைத்ததே உலகெங்கும் அறியப்பட்ட மோனோபொலி. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவரிடமிருந்த உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. சார்லஸ் டாரோ என்பவரே அதனைக் கண்டுபிடித்தவர் என்று பல்லாண்டுகள் சொல்லப்பட்டது. டாரோ செல்வந்தரானார். மேகியின் பெயர் அவர் மறைந்து நெடுங்காலம் கழித்தே வெளிச்சத்திற்கு வந்தது. உரிமையை மொத்தமாக விற்றவர் பெயரையும் சேர்த்து இழக்க நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செருப்புத் தைத்தவரின் பெட்டி

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முற்றிலும் புதியதொரு ஆட்ட வகை தோன்றியது. ரோல்பிளேயிங் கேம் என்று வழங்கும் இதனைப் பாத்திரமேற்கும் ஆட்டம் எனலாம். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் செய்வதையும் சொல்வதையும் வாய்மொழியாக உரைப்பர். முடிவு தெரியாத இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். தெருக்கூத்தின் கட்டியங்காரன் பாத்திரங்களை வரவேற்று வினவிக் கதையை நகர்த்துவது போன்றது கதை நடத்துவோரின் பணி. ஈற்றடி கொடுத்தால் அக்கணமே வெண்பா பாடும் புலவரின் நிலை ஆடுவோரின் நிலை. விதி உண்டு. அவ்விதிக்குள் அப்போதே பிறக்கும் சொல்லும் உண்டு.

1969ஆம் ஆண்டளவில் மினியாபோலிஸ் நகரத்து டேவிட் வெஸ்லி, போர் ஆட்டமொன்றில் படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு மனிதரின் பாத்திரத்தை ஆடுவோரிடம் ஒப்படைத்தார். அவருடைய தோழர் டேவ் ஆர்னசன் அதனைக் கற்பனை நாடொன்றின் கதையாக விரித்தார். அதைக் கண்டு விதிநூலாக எழுதியவர் கேரி கைகாக்ஸ். காப்பீட்டு நிறுவனத்து வேலையை 1970இல் இழந்தபின், லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் செருப்புப் பழுதுபார்த்துக் குடும்பம் காத்தவர் அவர். 1973இல் அவரும் நண்பர் டான் கேயும் ஆளுக்கு ஆயிரம் டாலர் இட்டு டிஎஸ்ஆர் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினர். கே தம் பங்குத் தொகையை ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் மீது கடனாகப் பெற்றார். 1974 சனவரியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக வெளிவந்தது. அச்சிட்டவை ஆயிரம் படிகள். பெட்டிகளை வீட்டிலேயே அமர்ந்து கையால் அடுக்கினர். நண்பர் ஒருவர் கைக்காசு இட, மற்றொருவர் பிழை திருத்த, வீட்டு முற்றத்தில் கவிதைத் தொகுதிகளைக் கட்டுக்கட்டிய அனுபவமுடைய எவருக்கும் அக்காட்சி எளிதில் விளங்கும்.

அவ்வாயிரமும் ஓராண்டு அளவிலேயே விற்றுத் தீர்ந்தன. தொடர்ந்து வந்தவை இன்பமும் துன்பமும் கலந்தவை. டான் கே 1975இன் தொடக்கத்தில் மாரடைப்பால் மறைந்தார். பெயரும் உரிமைத் தொகையும் முறையாகக் கிடைக்கவில்லை என்று ஆர்னசன் 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி இருவருமே படைப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டனர். 1985இல் கைகாக்ஸே தாம் தொடங்கிய நிறுவனத்தின் பிடியை இழந்தார். பங்குகளின் பெரும்பான்மை பிறர் கைக்குச் சென்றதே காரணம். அடுத்த ஆண்டில் அவர் வெளியேறினார். ஆட்டம் உலகப் புகழ் பெற்ற வேளையில் அதனை எழுதியவருக்கு அதன்மீது அதிகாரம் இல்லாமற்போயிற்று. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னசன் 2009இலும் மறைந்தனர்.

தனித்து நின்றோர்

பிறர் பதிப்பகத்தை நம்பாது தம் நூலைத் தாமே வெளியிட்டோரும் தொடக்கக் காலத்திலேயே இருந்தனர். கிரெக் ஸ்டாஃபோர்டு 1975இல் தாம் கற்பனை செய்த உலகத்தை ஆட்டமாக்கித் தாமே வெளியிட்டு, அதற்கென்றே கேயாசியம் என்னும் பதிப்பகத்தை நிறுவினார். அதே ஆண்டில் வெளிவந்தது எம்.ஏ.ஆர். பார்க்கரின் ஆட்டம். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருதுப் பேராசிரியராகவும் தெற்காசியவியல் அறிஞராகவும் இருந்த அவர், டெகுமேல் என்னும் கற்பனை உலகிற்கு இலக்கணத்தோடு கூடிய மொழிகளையே படைத்தார். அவருக்குச் சோறிட்டது பல்கலைக்கழகச் சம்பளமே. புனைபெயரில் அவர் நாஜிக் கொள்கை சார்ந்த புதினம் எழுதியிருந்தார் என்னும் உண்மை, அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து 2022இல் வெளிப்பட்டு, அவரைப் போற்றியோரைத் தலைகுனியச் செய்தது. படைப்பின் சிறப்பு படைத்தவரின் அறத்திற்குப் பிணை நில்லாது என்பதும் இவ்வரலாற்றில் அடங்கும்.

1990களின் இறுதிக்குப்பின் அச்சின் சுமை குறைந்தது. மின்நூலாக விற்கவும், கேட்ட அளவிற்கு மட்டும் அச்சிடவும் வழி பிறந்தது. 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்டர் போன்ற ஏற்பாடுகள், நூல் வெளிவருமுன்பே வாசகரிடம் பணம் திரட்ட உதவின. முன்வெளியீட்டுத் திட்டம் என்று தமிழ்ப் பதிப்புலகம் நெடுநாள் அறிந்த முறையே இது. 2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் அபோகலிப்ஸ் வேர்ல்டு என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதன் அமைப்பைப் பின்பற்றிப் பிறரும் ஆட்டங்கள் செய்யலாம் என்று அவர்கள் தடையின்றி இடமளித்ததால், யாப்பு ஒன்று வகுக்கப்பட்டு அதில் பலர் பாடியது போன்ற நிலை உருவாயிற்று. எனினும் ஆட்டத் தொழிலை முழுநேரப் பிழைப்பாகக் கொள்ள முடிந்தோர் சிலரே. பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்து இரவில் எழுதுவோராகவே இருந்து வருகின்றனர்.

பீஸ் ரேட்டும் சொந்த லேபிளும்

ஆட்டத் தொழிலின் இயல்பைப் பிற ஊரார்க்கு விளக்குவது கடினம். திருப்பூர் வட்டாரத்தார்க்கு எளிது. பெரிய நிறுவனத்திற்கு எழுதும் ஆட்ட எழுத்தாளர்க்குச் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. எழுதியது அந்நிறுவனத்தின் உடைமை. இது ஜாப் ஒர்க். கூலி உறுதி, இழப்பு அச்சமில்லை, லேபிள் பிறருடையது. தாமே எழுதி, ஓவியருக்குக் கூலி கொடுத்து, அச்சிட்டு, விற்போர் சொந்த லேபிள் போடுகின்றவர். சரக்கு தேங்கினால் இழப்பு அவருடையதே. ஆர்டர் தருவோர் விதியை மாற்றினால் ஜாப் ஒர்க் செய்வோர் தவிப்பதைத் திருப்பூர் பலமுறை கண்டிருக்கிறது. ஆட்ட உலகும் அதனைக் கண்டது.

டிஎஸ்ஆரை 1997இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2000இல் தன் ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தத் திறந்த உரிமம் ஒன்றை வழங்கியது. அதை நம்பிச் சிறு பதிப்பாளர் பலர் தம் தொழிலை அமைத்துக்கொண்டனர். 2023 சனவரியில் அவ்வுரிமத்தைத் திருத்தி, பெருமளவில் விற்போரிடம் பங்கு கேட்கும் வரைவு வெளியே கசிந்தது. எழுந்த எதிர்ப்பு கடுமையாக இருந்ததால், அம்மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, அவ்விதிகளை மீட்டுக்கொள்ள இயலாத பொது உரிமத்தின்கீழ் வைத்தது. சிறியோர் ஒன்றுபட்டால் பெரியோரும் இறங்கி வருவர் என்பதைத் தொழிற்சங்கம் கண்ட இவ்வட்டாரத்திற்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்தியச் சட்டத்தின் நிலையும் இங்கு அறியத்தக்கது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆட்டத்தின் கருத்தைக் காப்பதில்லை. அதனை விளக்கும் எழுத்தையும் ஓவியத்தையும் காக்கிறது. பணியாளராக இருந்து எழுதியதற்கு, மாறான ஒப்பந்தம் இல்லையேல், முதல் உரிமையாளர் முதலாளியே. உரிமை மாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் அது ஐந்தாண்டு அளவிற்கே செல்லும். இடம் குறிக்கப்படாவிடின் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். உரிமையை விற்றபின்னும் இதனை ஆக்கியவர் யானே என்று கூறிக்கொள்ளும் தனியுரிமை 57ஆம் பிரிவின்படி ஆசிரியரிடமே எஞ்சி நிற்கிறது. கவிதைத் தொகுதியைப் பதிப்பகத்திற்குக் கொடுப்போரும் இந்நான்கு செய்திகளை மனத்திற் கொள்வது நலம்.

தமிழ் மண்ணின் தொடர்பு

இத்துறையோடு தமிழ்நாட்டிற்குத் தொடர்பே இல்லை என்று எண்ணுதல் பிழை. கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1997இல் ஆபிரகாம் ஜார்ஜ் நிறுவிய உண்டு உறைவிடப் பள்ளி சாந்தி பவன். அவர் மகன் அஜித் ஜார்ஜ் அப்பள்ளியின் நடைமுறைப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றவர். அதனோடு ஆட்ட எழுத்தாளராகவும் விளங்குபவர். 2021இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் வந்த நூலொன்றில், உடன்பிறந்தாரின் அரியணைப் பகையால் சிதைந்த காலகேரி என்னும் இந்தியச் சாயல் கொண்ட நாட்டை எழுதினார். 2022இல் வெளிவந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல் என்னும் தொகுப்பை வெஸ்லி ஷ்னைடருடன் இணைந்து தலைமையேற்று உருவாக்கினார். வெள்ளையர் அல்லாத பதினாறு எழுத்தாளர்கள் தத்தம் பண்பாட்டு வேர்களிலிருந்து எழுதிய பதின்மூன்று கதைகள் அதில் உள்ளன. கொல்கத்தாவில் பிறந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டலின் வங்க ஆற்றுவெளிக் கதையும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொருவர் பெயரும் நூலில் அச்சாகியது. அரை நூற்றாண்டு நெருங்கிய ஓர் ஆட்டத்தின் வரலாற்றில் அது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும். ஆயினும் அதுவும் பிறர் லேபிளில் செய்த பணியே என்பதை மறுப்பதற்கில்லை.

சொந்த லேபிள் போட்டோரும் தமிழகத்தில் உண்டு. சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா நிறுவனம் பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம் முதலான ஆட்டங்களைச் செப்பனிட்டு மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தது. திண்ணையோடு மறையவிருந்தவை பெட்டிக்குள் புதுவாழ்வு பெற்றன. பழைய ஆட்டத்திற்கும் இந்நாளில் விலை கொடுத்து வாங்குவோர் உண்டு என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

படுகளத்தில் எழுவோர்

பாத்திரமேற்கும் ஆட்டத்திற்கு வேண்டிய கதைச் செல்வம் கொங்கு நாட்டிற்குக் குறைவில்லை. அண்ணன்மார் சுவாமி கதை இரவு இரவாக உடுக்கடித்துப் பாடப்பட்டு வந்தது. கவிஞர் சக்திக்கனல் அதனைப் பதிப்பித்தார். கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக், 1960களின் இடையில் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, பாணர் பாடிய அக்கதையை ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் அதனை நூலாகவும் அசைபடத் தொடராகவும் வெளியிட்டார்.

பொன்னரும் சங்கரும் வீழ்ந்த களத்தை நினைவுகூரும் படுகளத்தில், வீரப்பூரிலும் பிற ஊர்களிலும் அடியார்கள் வீரர்களாகவே மாறி மண்ணில் சாய்வர். தங்காளின் அருளால் எழுப்பப்பட்டுப் பின்னர்த் தம் பெயருக்குத் திரும்புவர். தான் அல்லாத ஒருவராகி, அவர் சாவைத் தன் உடலில் தாங்கி, மீண்டும் தானாகும் அனுபவத்தை அமெரிக்கச் சிற்றூரின் மேசை ஆட்டத்திற்கு நெடுநாள் முன்னரே இம்மண் அறிந்திருந்தது. அது வழிபாடு, இஃது ஆட்டம் என்னும் வேறுபாடு பெரிது. வழிபாட்டைக் கடைச்சரக்காக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும், பங்காளிப் பகை, கொம்பன் என்னும் பன்றி, அண்ணன்மாரை எழுப்பும் தங்கை என அக்கதை தரும் உணர்ச்சிக் களங்கள், புதிய ஆட்டம் புனைவோர்க்கு மரபு எத்துணை ஆழமான கிணறு என்பதைக் காட்டுகின்றன. இதனைத் தமிழில் எழுதாவிடின், பச்சீசி பார்ச்சீசியான கதை மீண்டும் நிகழத் தடையேதும் இல்லை.

ஒரு விதிநூல் எழுதத் தாளும் எழுதுகோலும் போதும். பகடை கடையில் கிடைக்கும். வண்ண அச்சிற்குச் சிவகாசி அருகில் உள்ளது. ஆடிப் பார்த்துக் குறை சொல்ல, மாதந்தோறும் கூடிக் கவிதை வாசித்துக் குறை சொல்லும் நண்பர்களைப் போன்ற நால்வர் போதும். முழுநேரப் பிழைப்பு உடனே அமையும் என்று இவ்வரலாறு உறுதி கூறவில்லை. கைகாக்ஸுக்குச் செருப்புத் தையலும், பார்க்கருக்குப் பேராசிரியப் பணியும், அஜித் ஜார்ஜுக்குப் பள்ளிப் பொறுப்பும் உடன் இருந்தன. பகல் வேலையை வைத்துக்கொண்டு, உரிமையைக் காத்துக்கொண்டு, பெயரை விட்டுக்கொடாமல் எழுதியோரே நீடித்தனர் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் தைத்து முடித்த ஆடைகள் இன்றிரவும் பெட்டிகளில் அடுக்கப்படும். அவற்றில் இருக்கப்போவது அயலூர் லேபிள். அவற்றைத் தைத்த கை, வீடு திரும்பியபின் எழுதும் ஒரு நூலிலாவது தன் பெயரைத் தானே பொறித்துக்கொள்ளட்டும். அந்நூல் கவிதையாயினும் ஆகுக, ஆட்டமாயினும் ஆகுக.